பதினைந்தாம் நாள் டிக்

பார்த்து வாங்க, அந்த ஏழாவது படி மட்டும் கொஞ்சம் உயரம். எல்லாருக்கும் முதல் தரம் தடுக்கும். ரெண்டாம் தரத்திலிருந்து கால் தானாத் தூக்கிக்கும். சாவி என்கிட்டதான் இருக்கு. ஓனர் பெங்களூர்ல பையனோட இருக்கார், மாசம் பிறந்தா வாடகையைப் போட்டுவிட்டாப் போதும், வேற தொந்தரவு இல்லாத மனுஷர். என் பேர் சென்னியப்பன். கீழே பின்பக்கத்து ஒத்தை ரூம் என்னது.

இது ஹால். அது சமையலறை. நல்ல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், உப்புத்தண்ணி எப்பவும். ஜன்னலைத் திறந்து காட்டறேன், காத்து எப்படி வருது பாருங்க. அந்த ஜன்னல்ல நீல ஒயர் ஒண்ணு தொங்குதில்லையா, அதை மட்டும் அறுத்துடக் கூடாது. என் ரூம்லேருந்து வர்ற ஒயர். வீடு பிடிச்சதுன்னா நீங்க ஆணி அடிங்க, பெயின்ட் அடிங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அந்த ஒயர் மட்டும் அங்கேயே தொங்கட்டும்.

எதுக்குன்னா? வீடு ரெண்டரை மாசமா ஏன் காலின்னு படியேறறப்பக் கேட்டீங்களே, ரெண்டுக்கும் ஒரே பதில்தான். உங்களுக்கு முன்னாடி அஞ்சு பேர் வந்து பார்த்தாங்க. அஞ்சு பேர்கிட்டயும் பதில் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்றோம்னு போனவங்கதான். உட்காருங்க, தரை கூட்டினதுதான். கீழே முன் வீட்டு லோகாம்பாளக்கா உங்களைப் பிடிச்சு வெச்சு வேற கதை சொல்லும். அதுக்கு முன்னாடி நடந்ததை நடந்தபடி நான் சொல்லிடறேன்.

இங்கே குடியிருந்தவங்க பேர் வசுமதி. வீட்டுக்காரர் தவறி ஏழு வருஷம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒண்ணு போட்டு, ஸ்கூல் யூனிஃபாரம் பாக்கெட்டுக்கு பேட்ஜ் அடிச்சுக் குடுக்கற தொழில். நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அங்கேதான் மெஷின். தடதடன்னு ஓடும். கீழே படுத்திருக்கற எனக்கு அந்தச் சத்தத்துலதான் கொஞ்சம் கண் சொக்கும். எனக்குப் பால் கம்பெனியில ராத்திரி ஷிப்ட். கம்ப்ரசர் ரூம்ல உட்கார்ந்து மணிக்கு ஒரு தரம் மீட்டர் பார்த்து எழுதணும். பத்தொன்பது வருஷமா ஊர் தூங்கறப்ப முழிச்சிருந்து, ஊர் முழிச்சிருக்கறப்பத் தூங்கப் பார்த்து, முடியாம மின்விசிறியை எண்ணிக்கிட்டு... அதை விடுங்க. அப்படித் தூக்கம் வராத பகல்ல கத்துக்கிட்டதுதான் கம்ப்யூட்டர். கிளாஸுக்குப் போனதில்லை. கம்பெனியில கழிச்சுப் போட்ட ஒண்ணை வாங்கிட்டு வந்து, பிரிச்சேன், மாட்டினேன். மறுபடி பிரிச்சேன், மறுபடி மாட்டினேன். இன்னைக்கு இந்த லைன்ல நாலு வீட்டுக்கும் நான்தான் டாக்டர்.

போன வருஷம் பங்குனியில ஒருநாள் காலையில வந்து கதவைத் தட்டினாங்க. "ஏனுங்க, தூங்கிட்டீங்களா?"

"இல்லீங்க."

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்க்கவே மாட்டேங்குதுங்க. என்னன்னு வந்து பார்க்கறீங்களா?"

ரெண்டுன்னா, மெஷினோட இருக்கறது ஒரு பழைய கம்ப்யூட்டர். இருபது வயசு. டிசைன் படிக்கற சாஃப்ட்வேர் அதுல மட்டும்தான் ஓடும். மெஷினுக்குப் போற கேபிளைச் சொருக அதுல மட்டும்தான் இடம் இருக்கு. ஆனா ஸ்கூல்காரங்க டிசைன் அனுப்பறது மெயில்ல. அந்தப் பழசுல இன்டர்நெட்டைத் திறந்துவிட்டா அன்னைக்கே சீக்கு வந்து படுத்துக்கும். அதனால அவங்க தம்பி ஒரு புது லேப்டாப் வாங்கிக் குடுத்திருக்கான். புதுசுக்கு வர்ற டிசைன் பழசுக்குப் போகணும். அவ்வளவுதான் கேஸ்.

சிரிக்கறீங்க. பென்டிரைவ்ல போட்டா முடிஞ்சதுன்னுதானே? லோகாம்பாளக்காவும் அன்னைக்கே குழாயடியில சொல்லுச்சு. "ஏஞ்சாமி, எங்க வீட்டு டிவிக்கே நாங்க பென்டிரைவ்ல படம் போட்டுப் பாக்கறோம். சுண்டுவிரல் தண்டி சாமானு. அதை விட்டுட்டு ஒயரைத் தூக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் அலையறியே?"

நான் பென்டிரைவுக்கு விரோதி. காரணம் இருக்கு. அதுக்கு முந்தின வருஷம், ஜெராக்ஸ் கடையில சொருகின பென்டிரைவை அப்படியே கொண்டாந்து பழசுல சொருகினாங்க. ஃபோல்டர் அத்தனையும் ஷார்ட்கட்டா மாறி, நானூறு டிசைன் போச்சு. அன்னைக்கு அவங்க அழுதாங்க. மாடியில அழுதா கீழே கேக்கும். இந்த வீட்டுல அது ஒரு குறை, இப்பவே சொல்லிடறேன்.

அதனால நெட்வொர்க்தான் சரின்னு சொன்னேன். பழசுக்கு வைஃபை கிடையாது. என் ரூம்ல இருக்கற நெட் பெட்டியிலிருந்து ஒரு நீல ஒயரை இழுத்து, ஜன்னல் வழியா ஏத்தி, பழசுல சொருகினேன். பழசு வெளியூர்ப் பக்கம் போகாதபடி பெட்டியிலேயே ஒரு பூட்டு போட்டேன். லேப்டாப்பும் என் பெட்டியோட வைஃபைல. ஆக ரெண்டும் ஒரே வீட்டு ஆளுங்க. பார்த்துக்கணுமில்ல? பார்த்துக்கலை.

முதல் நாள், ரெண்டுக்கும் ஒர்க்குரூப் பேர் வேற வேறயா இருந்ததைக் கண்டுபிடிச்சு ஒண்ணாக்கினேன். ரெண்டாம் நாள் ஃபயர்வால். மூணாம் நாள் லேப்டாப்ல பழசோட பேர் தெரிஞ்சுது. பேர் தெரியுது, கூப்பிட்டா பதிலும் குடுக்குது, கதவைத் தட்டினா மட்டும் திறக்க மாட்டேங்குது. புதுசுக்கு யூசர் பேர், பாஸ்வேர்டு இல்லாம யாரையும் நம்பிப் பழக்கமில்லை. சரி, ரெண்டுலயும் ஒரே பேர், ஒரே பாஸ்வேர்டு வைக்கலாம், என்ன வைக்கட்டும்னு கேட்டேன். "உங்களுக்கு எது மறக்காதோ அதையே வைங்க"ன்னாங்க. கம்ப்ரசர்னு வெச்சேன். அவங்க சிரிச்சுட்டே காபி போடப் போயிட்டாங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு தெரியல. நல்ல பாஸ்வேர்டுதான் அது.

பதினோரு நாள் ஆச்சுங்க. தினம் பதினோரு மணிக்கு மேலே வருவேன், ஒரு மணிக்கு இறங்குவேன். காபி ஒண்ணு, சில நாள் ரெண்டு. முயற்சி பண்ணினதெல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், கேட்டா காட்டறேன். பதினோராம் நாள்தான் சங்கதி பிடிபட்டுது. பழசுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பேச்சு. எஸ்எம்பி ஒண்ணுன்னு அதுக்குப் பேர். அந்தக் காலத்துல எல்லாக் கம்ப்யூட்டரும் அதுலதான் பேசிக்கிட்டதுங்க. அப்புறம் அதுல ஓட்டை இருக்கு, திருடன் நுழையறான்னு, புதுசுங்க எதுவும் அதைப் பேசறதில்லை. பழசு தன் பேச்சுல கூப்பிட்டுட்டே இருக்கு, புதுசு காதுல விழாத மாதிரி இருக்கு.

புதுசுக்கு அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்லிக் குடுக்கலாம். கன்ட்ரோல் பேனல் உள்ளே போய், ஒரு சின்னப் பெட்டி வரும். அதுல மூணு வரி. ரெண்டாவது வரியில டிக் போட்டா, பழசைப் போய்ப் பார்க்கத் தெரியும். ரெண்டு நிமிஷ வேலை, ஒரு ரீஸ்டார்ட். போட்டேன். ஃபோல்டர் திறந்துடுச்சு. அவங்க கையைத் தட்டினாங்க. எனக்கு அதுவரைக்கும் யாரும் கை தட்டினதில்லைங்க. கம்ப்ரசர் தட்டாது.

முதல் வரியைப் பத்திக் கேக்கணுமே நீங்க? அதுதான் விஷயம். முதல் வரிக்கு அர்த்தம், தானே கழற்றிவிடும். அதுல டிக் இருந்தா, பதினஞ்சு நாள் அந்தப் பழைய பேச்சு புழங்கலைன்னு வைங்க, இனி யாருக்கும் வேண்டாம்போலன்னு புதுசு அதைத் தானாக் கழற்றிப் போட்டுடும். திறந்த கதவு தானா மூடிக்கற மாதிரி. பாதுகாப்பு. நான் அந்த டிக்கை எடுக்கலை. பாதுகாப்பு முக்கியம் பாருங்க.

சித்திரை, வைகாசி, ஆனி மூணு மாசமும் ஸ்கூல் சீசன். மெஷின் நிக்கவே இல்லை. டிசைன் தினம் போச்சு, தினம் வந்துது. ஒருத்தரும் என்னைக் கூப்பிடலை. தாங்காம நானே ஒருநாள் படியேறி, "நல்லா ஓடுதுங்களா?"ன்னு கேட்டேன். "நல்லா ஓடுதுங்க"ன்னாங்க. நல்லா ரிப்பேர் பண்றதுல இருக்கற கஷ்டமே இதுதான். இறங்கிப் போய்ப் படுத்தேன்.

ஆடி பிறந்து ஆர்டர் நின்னுது. காலண்டர்ல எண்ணிட்டே வந்தேன். பதினேழாம் நாள் காலையில, "ஏனுங்க, தூங்கிட்டீங்களா? மறுபடி திறக்க மாட்டேங்குதுங்க."

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, வெளியூர்க்காரர்தானே. அன்னைக்கே முதல் வரி டிக்கை எடுத்துவிட்டிருந்தா அதோட முடிஞ்சது. ரெண்டாவது வரியை மட்டும் சரி பண்ணினேன். ரெண்டு நிமிஷ வேலைக்கு ரெண்டு மணி நேரம் ஆக்கினேன். நடுநடுவுல நாக்கைச் சப்புக் கொட்டினேன், நோட்டுல எதையோ எழுதினேன். அவங்களும் பக்கத்துல உட்கார்ந்து பாக்கெட்டுக்கு நூல் வெட்டிக்கிட்டே, அவங்க தம்பி கதை, மெஷின் வாங்கின கதை, பவானி ஆத்துல செருப்பு போன கதையெல்லாம் சொன்னாங்க. தப்புதான். ஆனா பாதுகாப்புன்னும் ஒண்ணு இருக்கில்ல?

அதுக்கப்புறம் பாருங்க, பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா டாண்ணு கூப்பிட்டுடுவாங்க. இங்கேதான் அந்தக் கம்பெனிக்காரன் மேல எனக்குக் கோபம். ஒவ்வொரு தரமும் நான் போய்ப் பெட்டியைத் திறந்தா, முதல் வரி டிக் எடுத்திருக்கும்! அந்தக் கோபத்துல ரெண்டாவது வரி எப்படி இருக்குன்னு நான் கவனிச்சதே இல்லை. நான் எடுக்கலை. விண்டோஸ் அப்டேட் ராத்திரியோட ராத்திரியா வந்து எடுத்துட்டுப் போயிருக்கு. நம்ம வீட்டுக்குள்ள வந்து நம்ம டிக்கை எடுக்க இவன் யாருங்க? நானும் விடலை. ஒவ்வொரு தரமும் திரும்பப் போட்டுட்டு வந்தேன்.

இன்னொரு அதிசயம். புரட்டாசியில கபடி டீம் பனியன் ஆர்டர் ஒண்ணு வந்து தினமும் டிசைன் போயிட்டிருந்துது. தினம் புழங்கினா அது கழலக் கூடாது. ஆனா பதினஞ்சாம் நாள் கூப்பிட்டாங்க, "திறக்க மாட்டேங்குதுங்க." நான் போய் மவுஸ்ல கை வெச்சேன், ஃபோல்டர் டப்புன்னு திறந்துடுச்சு. "உங்க கை ராசிங்க"ன்னாங்க. சிலருக்கு அப்படி அமையும்.

ஒருநாள் சொன்னாங்க, "நேத்து போன்ல ஒரு வீடியோ பார்த்தேனுங்க. அந்த முதல் வரி டிக்கை எடுத்துட்டா அப்புறம் கழலவே கழலாதாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சமாளிச்சுட்டேன். "வீடியோல ஆயிரம் சொல்லுவாங்க, அதையெல்லாம் நம்பாதீங்க."

"சரிங்க, நம்பலை"ன்னாங்க. காபியை நீட்டினாங்க. தப்பிச்சேன்னு நினைச்சேன்.

லோகாம்பாளக்காதான் விடாது. "சென்னி, ஒண்ணு கவனிச்சியா? இந்த லைன்ல சின்னது பெருசு அத்தனையும் உன்னை அண்ணாங்குது. அந்தப் புள்ள மட்டும் ஒருநாள் கூட அண்ணான்னு கூப்பிட்டதில்லை."

"ரிப்பேர்காரனை அண்ணான்னு எதுக்குக்கா கூப்பிடணும்?"

"அட என் ராசா, உனக்குக் கம்ப்யூட்டர் கத்துக்குடுத்தவன் வேற ஒண்ணையுமே கத்துக்குடுக்கலை"ன்னுது. எனக்கு யாரும் கத்துக்குடுக்கலைன்னு அந்தக்காவுக்கு எத்தனை தரம் சொல்றது?

மார்கழியில கடைசித் தரம். டிக்கைப் போட்டுட்டு எந்திரிச்சேன். "கொஞ்சம் உட்காருங்க"ன்னாங்க. "கோபியில தம்பி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கடை காலியா இருக்குதாம். மேலேயே வீடு. வந்துடுக்கான்னு கூப்பிடறான். போறதா, இங்கேயே இருக்கறதான்னு எனக்கு முடிவு பண்ணத் தெரியலீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் நல்லா யோசிச்சேன். என்னை நம்பி ஒருத்தர் கேக்கறாங்க, அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. "அங்கே நெட் எப்படிங்க?"ன்னு கேட்டேன்.

"நல்லா இருக்குதாமுங்க."

"அப்பப் பிரச்சினை இல்லீங்க. பழசை மட்டும் போர்வையில சுத்திக் கொண்டுபோங்க, குலுங்கினா ஹார்ட் டிஸ்க் போயிடும்."

அவங்க உள்ளே போனாங்க.  அப்புறம் காபி வந்துது. சர்க்கரை போடலை. வீடு மாத்தற நினைப்புல மறந்துட்டாங்கபோல. சொல்லிக் காட்டாமக் குடிச்சுட்டேன்.

தை கடைசியில வண்டி வந்துது. ஒவ்வொரு ஒயருக்கும் காகிதம் ஒட்டி, எது எதுல சொருகறதுன்னு எழுதி, பழசை நானே இறக்கினேன். இந்த நீல ஒயரை மட்டும் கழற்றலை. ஏன்னு கேட்டீங்கன்னா, கழற்ற நேரமில்லை. வண்டி ஏறப்போறப்ப அவங்க ஒண்ணை என் கையில குடுத்தாங்க. பென்டிரைவ்! எனக்கே பென்டிரைவ்!

"இதை உங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க."

"இதுல..."

"வைரஸ் இல்லீங்க. நல்லாப் பார்த்துட்டேன். நீங்க பாருங்க, அது போதும்."

இதோ, சட்டைப் பையிலேயேதான் இருக்கு. துவைக்கறப்ப எடுத்து வெச்சுட்டு, காஞ்சதும் திரும்பப் போட்டுக்குவேன். இல்லைங்க, இன்னும் பார்க்கலை. என் கம்ப்யூட்டர்ல இதுவரைக்கும் பென்டிரைவே சொருகினதில்லை. ஒரு கொள்கைன்னு வெச்சிருக்கோம். ராத்திரி கம்ப்ரசர் பக்கத்துல இதைக் கையில வெச்சு உருட்டிட்டிருப்பேன். என்ன இருக்கும்? டிசைன் பேக்கப்பா இருக்கும். பத்திரமா வெச்சிருக்கச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. வேற என்ன இருக்கப்போகுது, சொல்லுங்க?

உங்க பையில லேப்டாப்தானே? கம்பெனியில குடுத்ததா? அப்ப ஆன்டிவைரஸ் நல்லதாவே போட்டிருப்பாங்க. ஒரு நிமிஷம் சொருகிப் பார்த்துடலாமா? வைரஸ் இருந்தா உங்க கம்பெனிக்காரங்க பார்த்துக்க மாட்டாங்களா? ரொம்ப நல்ல மனுஷருங்க நீங்க. இந்தாங்க. இல்லைங்க, நீங்களே சொருகுங்க. நான் இந்த ஜன்னல் பக்கம் நிக்கறேன்.

என்ன இருக்கு?

படமா? பத்துப் படமா? டிசைன் இல்லையா?

லேப்டாப் திரையைப் போன்ல எடுத்ததா... சின்னப் பெட்டி, மூணு வரியா? அட, நம்ம பெட்டி! திருப்பிக் காட்டுங்க. பார்த்தீங்களா, முதல் வரியில டிக் இல்லை பாருங்க! நான் சொன்னேனில்ல, அப்டேட்காரன் செஞ்ச வேலையை அவங்களும் சாட்சிக்குப் படம் எடுத்து வெச்சிருக்காங்க. அடுத்ததைக் காட்டுங்க. இதுலயும் இல்லை. திரை மூலையில நேரம் தெரியுதே, காலை ஒன்பதே முக்கால். நான் போறது பதினோரு மணிக்கு. என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே எடுத்திருக்காங்க.

இருங்க. ரெண்டாவது வரியில டிக் இருக்கு.

ரெண்டாவது வரியில டிக் இருந்தா கழலவே இல்லைன்னு அர்த்தம். கழலாததை எதுக்கு... அடுத்தது? அதுலயும் இருக்கா? எல்லாத்துலயும்? அப்போ அந்த முதல் டிக்கை எடுத்தது...

லேப்டாப்புக்குப் பக்கத்துல என்னங்க அது, கொஞ்சம் பெருசாக்குங்க. டம்ளர். காபி டம்ளர். ரெண்டு.

ஒன்பதே முக்காலுக்கே ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சிருக்காங்க.

தண்ணியெல்லாம் வேண்டாங்க. நல்லாத்தான் இருக்கேன். கடைசிப் படத்தைக் காட்டுங்க, பத்தாவது. தேதி என்ன போட்டிருக்கு? அன்னைக்குத்தான் வண்டி வந்துது. இதுல மட்டும் முதல் வரியில டிக் இருக்கு. நான் போட்டுட்டு வந்ததை இந்தத் தரம் எடுக்கலை. அப்படியே விட்டுட்டாங்க. பதினஞ்சு நாள் பேச்சு வார்த்தை இல்லைன்னா தானாக் கழன்றுடும்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. எழுபத்தஞ்சு நாள் ஆச்சுங்களே. அஞ்சு பதினஞ்சு.

கழன்றிருக்கும்.

கழன்றா என்னங்க? திரும்ப மாட்டறதுதானே? ரெண்டு நிமிஷம், ஒரு ரீஸ்டார்ட். போன்ல சொல்லிப் புரிய வைக்க முடியாது, ஆள் நேர்ல போகணும். இப்ப மணி என்ன? பத்து இருபதா? கோபி பஸ்ஸைப் பிடிச்சா காபி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னப்பின்னப் போயிடலாம். இந்தச் சட்டை பரவாயில்லைங்களா? காலர் கொஞ்சம் நைஞ்சிருக்கு. பரவாயில்லை.

வீடு உங்களுக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கங்க. இல்லை, அவசரப்பட்டு எடுத்துக்காதீங்க, நான் வந்து சொல்றேன். அந்த ஒயரை மட்டும் தொடாதீங்க. பூட்டிட்டு சாவியை லோகாம்பாளக்காகிட்டக் குடுத்துடுங்க. நான் எங்கேன்னு கண்டிப்பாக் கேக்கும். கோபிக்கு ரிப்பேருக்குப் போயிருக்கேன்னு சொல்லுங்க. சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும். ஏழாவது படி, பார்த்து இறங்குங்க.